சுழலும் தட்டில் காந்தத் திரவம்: காந்தம் வைத்தால் சூடு சீக்கிரம் இறங்குமா?

கேள்வி: ஜூன் 8, மாலை 6.15

வணக்கம். பெங்களூரில் எம்.டெக். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், சொந்த ஊர் அம்பாசமுத்திரம். ஃபெரோஃப்ளூயிட் என்கிற காந்தத் திரவத்துக்குள் சூடான அலுமினியத் தட்டு ஒன்று சுழல்கிறது, இதுதான் என் புராஜெக்ட். கீழே காந்தம் வைத்தால் தட்டிலிருந்து வெப்பம் வேகமாக வெளியேறும் என்கிறார் கைடு. கட்டுரைகளைப் புரட்டினால் பாதி கூடும் என்கின்றன, பாதி குறையும் என்கின்றன. கணினியில் போட்டால் நான் கொடுக்கிற எண்ணைப் பொறுத்து இரண்டுமே வருகிறது. இந்தத் திரவத்தைக் கையில் தொட்டு வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எதை அளந்தால் உண்மை தெரியும் என்பதையும்.

ஜூன் 8, இரவு 9.40

தொட்டு வேலை பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். பெங்களூர் பீன்யாவில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. வாக்கம் சேம்பருக்குள், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள், ஷாஃப்ட் போகிற இடத்தில் காற்று உள்ளே நுழையாமல் தடுக்க காந்தத் திரவ சீல் போடுவார்கள். அது பழுதானால் பிரித்துக் கழுவித் திரும்பக் கட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன். சுடிதார் துப்பட்டாவில் இந்தக் கறை பட்டால் போகவே போகாது, அதிலிருந்து ஆரம்பித்த பழக்கம்.

தெரியாதவர்களுக்கு: எண்ணெயிலோ தண்ணீரிலோ சுமார் 10 நானோமீட்டர் அளவுள்ள மேக்னடைட் துகள்கள் மிதக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒலியிக் அமிலம் மாதிரி ஒரு பூச்சு இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை. துகள் அவ்வளவு சின்னது என்பதால் திரவ மூலக்கூறுகள் இடித்து இடித்தே அதை அடியில் படிய விடாமல் வைத்திருக்கும். காந்தம் காட்டினால் திரவம் முழுவதுமாக அந்தப் பக்கம் போகும்.

உங்கள் கேள்விக்கு என் முதல் பதில்: வெப்பம் வெளியேறுவது குறையும், அதுவும் நன்றாகக் குறையும். காந்தப்புலம் பட்டால் திரவம் கெட்டியாகிறது. கெட்டியான திரவம் மெதுவாக ஓடும், மெதுவாக ஓடினால் சூட்டை எடுத்துப் போகாது.

ஜூன் 9, காலை 7.20

இன்னொரு நண்பர் கேட்டிருக்கிறார், இது அணு உலையில் திரவ சோடியத்துக்கு வருகிற விஷயம்தானே என்று. அது வேறு. சோடியம், பாதரசம் இவற்றுக்குள் மின்சாரம் ஓடும். காந்தப்புலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடினால் உள்ளே மின்னோட்டம் தூண்டப்பட்டு, அதே மின்னோட்டம் ஓட்டத்தைத் தடுக்கும். ஹார்ட்மன் 1937இல் பாதரசத்தை வைத்துக் காட்டியது இதைத்தான். எங்கள் திரவத்தில் மின்சாரம் ஓடாது என்றே வைத்துக்கொள்ளலாம், இங்கே துகள்தான் காந்தம். தம்பி, நீங்கள் படித்த கட்டுரைகளில் இந்த இரண்டும் கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தலைப்பில் காந்தம் என்று இருந்தாலே ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். பாதிக் குழப்பம் அதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 10, இரவு 10.05

தட்டைப் பற்றிச் சொல்லாமல் திரவத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காபி டம்ளரில் ஸ்பூனால் சுற்றிவிட்டு எடுத்தால் அடியில் இருக்கும் மண்டி நடுவில் வந்து குவியும். திரவம் சுற்றுகிறது, டம்ளர் அடி நிற்கிறது. அடியை ஒட்டிய படலம் உரசலில் வேகம் இழப்பதால் வெளிப்பக்கம் ஒதுங்குகிற பலம் அதற்கு இல்லை, மேலே இருக்கும் அழுத்தம் அதை நடுவுக்குத் தள்ளுகிறது. தேயிலைத் தூளை வைத்து ஐன்ஸ்டைன் 1926இல் விளக்கியது இதுதான்.

உங்கள் தட்டில் நிலைமை தலைகீழ். தட்டு சுற்றுகிறது, தூரத்துத் திரவம் நிற்கிறது. தட்டை ஒட்டியிருப்பது கூடவே சுற்றி விளிம்புக்கு வீசியடிக்கப்படும். அந்த இடத்தை நிரப்ப மேலேயிருந்து புதுத் திரவம் இறங்கும். இறக்கையே இல்லாத ஒரு பம்ப். வான் கார்மன் 1921இல் இந்தக் கணக்கைப் போட்டார், கோக்ரன் 1934இல் எண்களைத் திருத்தமாகக் கொடுத்தார்.

இதில் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது ஒன்று உண்டு. தட்டின் மேல் உள்ள அந்தப் படலத்தின் தடிமன் நடுவிலும் விளிம்பிலும் ஒன்றுதான். நிமிடத்துக்கு 300 சுற்று, தண்ணீர் என்றால் ஏறக்குறைய 1 மி.மீ. தண்ணீரைவிட ஐந்து மடங்கு இயக்கப் பாகுத்தன்மை (கெட்டித்தன்மையை அடர்த்தியால் வகுத்தது) உள்ள காந்தத் திரவம் என்றால் 2 மி.மீ.யும் கொஞ்சமும். படலம் எங்கும் ஒரே தடிமன் என்பதால், ஓட்டம் கலங்காத வரைக்கும் தட்டு முழுவதும் ஒரே சீராகக் குளிரும். பெரும்பாலான வடிவங்களில் இவ்வளவு நேர்த்தியாக வராது. தோசைக்கல்லில் நடுவில் கருகி ஓரம் வேகாமல் இருக்குமே, அந்தத் தொல்லை இதில் கிடையாது.

ஜூன் 12, மதியம் 1.30

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். "அடியில் காந்தம் வைத்தால் அது திரவத்தை இழுக்கும், இழுத்தால் ஓட்டம் வரும், ஓட்டம் வந்தால் குளிரும்" என்று கைடு சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். நானும் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கிணற்றுத் தண்ணீரைப் பூமி இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் தண்ணீர் ஓடுகிறதா? அடியில் அழுத்தம் கூடுகிறது, அதோடு சரி. காந்தத் திரவமும் அப்படித்தான். சூடு எங்கும் ஒன்றாக இருந்தால், காந்தத்தின் இழுப்பு மொத்தமும் அழுத்தமாக மாறி உட்கார்ந்துவிடும். ஓட்டத்தைக் கிளப்பாது. அந்த அழுத்தத்தை வைத்துத்தான் எங்கள் சீலே நிற்கிறது. ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் போல் பீஸ் என்கிற எஃகு வளையத்தில் பல் பல்லாக வெட்டியிருக்கும்; அதில் ஒரு பல்லுக்கடியில் இருக்கும் திரவ வளையம் சுமார் 0.2 வளிமண்டல அழுத்தம் தாங்கும். எட்டுப் பல் இருந்தால் 1.6. வெளிக்காற்றின் 1 வளிமண்டலத்தைத் தடுக்க அது போதும்.

இழுப்பு ஓட்டமாக மாற வேண்டுமென்றால் ஒரு பக்கம் சூடாகவும் ஒரு பக்கம் குளிராகவும் இருக்க வேண்டும். சூடான திரவத்தின் காந்தத்தன்மை குறையும், குளிர்ந்தது அதிகமாக இழுபடும். புலம் பலமாக உள்ள இடத்தில் சூடான பரப்பு இருந்தால், குளிர்ந்த திரவம் அங்கே நெருக்கியடித்து வந்து சூடானதைத் தள்ளிவிடும். ஃபின்லேசன் 1970இல் இந்தச் சலனம் எப்போது கிளம்பும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் மேக்னடைட் முழுக்கக் காந்தத்தன்மை இழப்பது 585 டிகிரியில். நம் வேலை நடக்கிற 30இலிருந்து 80 டிகிரிக்குள் குறைவது சில சதவீதம்தான். தட்டு நின்றால் அந்தச் சில சதவீதம் வேலை செய்யும். 300 சுற்றில் தட்டே பம்பாக இறைத்துக்கொண்டிருக்கும்போது இது எடுபடாது.

ஜூன் 15, காலை 11.00

ஞாயிற்றுக்கிழமை. காலையில் உட்கார்ந்து பேப்பரில் கணக்குப் போட்டேன். ஜூன் 8 இரவு நான் எழுதியதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. திருத்தாமல் விட்டால் தம்பியின் புராஜெக்டையே கெடுத்துவிடும்.

கெட்டியானால் வெப்பம் வெளியேறுவது நன்றாகக் குறையும் என்று சொன்னேன். குறையும் என்பது சரி. நன்றாகக் குறையும் என்பது தப்பு.

சுழலும் தட்டில் கரைசலிலிருந்து அயனி வந்து படிவதற்கு இலெவிச் 1942இல் ஒரு சூத்திரம் கொடுத்தார். மின்வேதியியல்காரர்கள் இன்றைக்கும் தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வெப்பத்துக்கும் அதே கணக்கு பொருந்தும். அதில் பாகுத்தன்மை இரண்டு இடத்தில் வருகிறது. பாகு கூடினால் படலம் தடிக்கிறது, அது கெடுதல். ஆனால் படலம் தடித்தால் தட்டு பிடித்து வீசுகிற திரவத்தின் அளவும் கூடுகிறது, மேலேயிருந்து உறிஞ்சுவதும் கூடுகிறது. 300 சுற்றில் தண்ணீர் விநாடிக்கு 5 மி.மீ. வேகத்தில் இறங்கும் என்றால், ஐந்து மடங்கு பாகுள்ள திரவம் 11 மி.மீ. வேகத்தில் இறங்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். மிச்சம் நிற்பது பாகுத்தன்மையின் ஆறில் ஒரு பங்கு அடுக்கு மட்டுமே.

எண்ணாகச் சொன்னால்: புலத்தால் பாகு ஒன்றரை மடங்கானாலும் வெப்பப் பரிமாற்றம் 6 அல்லது 7 சதவீதம்தான் குறையும். இரட்டித்தாலும் 11 சதவீதம். ஆனால் தட்டைச் சுற்ற மோட்டார் கொடுக்க வேண்டிய முறுக்குவிசை, பாகின் வர்க்கமூலத்தில் போகும். ஒன்றரை மடங்குக்கு 22 சதவீதம் கூடுதல். ஆக, காந்தம் வைத்ததன் விளைவு தெர்மாமீட்டரில் தெரிவதற்கு முன்னால் மோட்டாரில் தெரிந்துவிடும். எதை அளந்தால் தெரியும் என்று கேட்டீர்களே தம்பி, முறுக்கை அளங்கள்.

ஜூன் 15, மாலை 5.45

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். புலத்தின் திசை. திரவம் உருளும்போது துகளும் கூடவே உருளப் பார்க்கும். புலம் அதைப் பிடித்து நிறுத்துகிறது, அதனால்தான் கெட்டியாகிறது. மெக்டேக் 1969இல் அளந்து பார்த்தார், ஷ்லியோமிஸ் 1972இல் கணக்கு எழுதினார். உருளும் அச்சும் புலமும் ஒரே திசையில் இருந்தால் துகளுக்குத் தடையே இல்லை, பாகு கூடாது. குறுக்கே இருந்தால் முழுத் தடை. உங்கள் தட்டில் படலம் உருளும் அச்சு தட்டின் தளத்திலேயே படுத்திருக்கிறது, அதனால் செங்குத்தாகக் காந்தம் வைத்தால் முழு விளைவும் கிடைக்கும். எங்கள் சீலிலோ திரவம் உருளும் அச்சு ஷாஃப்டின் நீளவாக்கில் இருக்கிறது, புலம் ஆரத்தின் திசையில் பாய்கிறது. எப்போதும் முழுத் தடைதான், தப்பிக்க வழியில்லை.

எல்லாத் துகளும் இதில் சேராது. மேக்னடைட்டில் 12, 13 நானோமீட்டருக்குக் குறைந்தவை உடம்பைத் திருப்பாமலே உள்ளே இருக்கும் காந்தத் திசையை மட்டும் திருப்பிக்கொள்ளும். பாகைக் கூட்டுவது பெரியவைதான். கட்டுரைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பாட்டிலுக்குப் பாட்டில் திரவம் வேறு.

ஜூன் 18, இரவு 11.10

இன்றைக்கு மனசு சரியில்லை. இங்கேயே எழுதுகிறேன், விஷயம் இதைத் தொட்டதுதான்.

ஒரு கம்பெனிக்கு, பெயர் வேண்டாம், மார்ச்சில் ஒரு சீல் கட்டிக் கொடுத்தோம். வாக்கத்துக்குள் சின்ன ரோட்டரைச் சுழற்றிப் பார்க்கிற ரிக். காற்றின் உரசல் இல்லாமல் பார்க்க வேண்டும். அதனால்தான் வாக்கம். 25 மி.மீ. ஷாஃப்ட், 3000 சுற்று. மூன்றே மாதத்தில் லீக். "மட்டமான ஆயிலை ஊற்றிவிட்டீர்கள்" என்று போனில் சொன்னார்கள். பில் பணமும் பாதி நிற்கிறது.

பிரித்துப் பார்த்தேன். மார்ச்சில் நான் சிரிஞ்சில் விட்டபோது தேன் மாதிரி பளபளவென்று இறங்கியது. இப்போது பல்லுக்கு நடுவில் காய்ந்த தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது, மூங்கில் குச்சியால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. எட்டு வளையத்தில் ஐந்தில் திரவமே இல்லை. துகளைத் தாங்குகிற எண்ணெய் ஆவியாகிப்போனால் துகள் மட்டும் மிஞ்சும், அதுதான் இது.

அப்புறம் தண்ணீர் ஜாக்கெட்டை, அதாவது சீலைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடுகிற உறையை, திறந்தேன். உள்ளே போகிற வழி முழுக்க வெள்ளை உப்பு. கெட்டிலின் அடியில் படியுமே, அதே உப்பு. ஒரு இடத்தில் ஊசி நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது. சில்லர் தண்ணீர் விடச் சொல்லி எழுதிக்கூடக் கொடுத்திருந்தோம். போர்வெல் தண்ணீரை நேராக விட்டிருக்கிறார்கள். பெங்களூர் போர்வெல் எப்படி என்று இங்கே வாடகைக்கு இருந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, பக்கெட்டின் விளிம்பே சொல்லும்.

ஜூன் 19, காலை 6.50

தூங்கவில்லை, கணக்குப் போட்டேன். திரவம் தண்ணீரைவிட 300 மடங்கு கெட்டி. இடைவெளி 0.1 மி.மீ. பற்களின் அகலம் எல்லாம் சேர்த்து 4 மி.மீ. 3000 சுற்றில் ஷாஃப்டின் பரப்பு விநாடிக்கு 3.9 மீட்டர் ஓடுகிறது. உரசலில் பிறக்கும் வெப்பம் 14.5 வாட். சாதாரண எல்.இ.டி. பல்பைவிட அதிகம், ஆனால் அது பிறக்கிற திரவத்தின் மொத்த அளவு 31 மைக்ரோலிட்டர், ஒரு சொட்டுகூடச் சரியாக வராது. ஒரு சொட்டுக்குள் 14 வாட் என்றால் அந்தப் படலம் எரிந்து போகாமல் என்ன செய்யும்? வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் 1500 சுற்றில் ஓட்டியிருந்தால் நாலில் ஒன்றுதான் வரும்.

ஜூன் 22, மாலை 4.20

பட்டறை லீவு. எங்கள் டர்னர் பெரியவர், மாகடிக்காரர், நான் கூப்பிட்டதும் வந்துவிட்டார். லேத்தில் அதே 25 மி.மீ. ஷாஃப்டைப் பிடித்து, கழுவிய சீலைப் போட்டு, புதுத் திரவம் விட்டு 1500 சுற்றில் ஒரு மணி நேரம் ஓட்டினோம். தண்ணீர் இணைக்கவில்லை. அறையில் 26 டிகிரி. போல் பீஸில் ஒட்டியிருந்த தெர்மோகப்பிள் 44 காட்டியது. ஷாஃப்ட் சுற்றுவதால் அதை, தொடாமலே சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் கன்னில் பார்த்தேன்: 34. ஷாஃப்ட் குளிர்ச்சியாக இருக்கிறது, சூடு எல்லாம் வெளிப்பக்கம் ஒழுங்காகப் போகிறது என்று நோட்டில் எழுதிவைத்தேன். நேற்று முன்தினம் கம்பெனிக்காரர்களிடம் சொன்னதும் இதே மாதிரிதான்.

ஜூன் 22, மாலை 6.30

மேலே உள்ள 34ஐ யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லேத்தை நிறுத்தியதும் பெரியவர் பழக்கதோஷத்தில் ஷாஃப்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். உடனே இழுத்துக்கொண்டு "தும்பா பிசி ஆகிதே மேடம்", ரொம்பச் சூடு என்றார். 34 டிகிரி ஷாஃப்ட் யார் கையையும் சுடாது. நானும் தொட்டேன், இரண்டு விநாடிக்கு மேல் வைக்க முடியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. பாலிஷ் போட்ட எஃகு தன் சூட்டைக் கொஞ்சம்தான் கதிராக வெளிவிடும். கன் பார்த்ததில் பெரும்பகுதி ஷாஃப்டில் பிரதிபலித்த அறைச் சுவரின் சூடு. ஷாஃப்டில் ஒரு பட்டை அளவுக்கு மேட் பிளாக் பெயின்ட் அடித்து, காயவிட்டு, திரும்ப ஒரு மணி நேரம் ஓட்டினோம். 58.

போல் பீஸ் 44, ஷாஃப்ட் 58. சூடு ஷாஃப்டில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. இது திறந்த அறை, லேத் சக் வேறு சூட்டை இழுத்துக்கொண்டிருந்தது. ரிக்கில் ஷாஃப்டின் ஒரு பாதி வாக்கத்துக்குள். அங்கே காற்றே இல்லை.

ஜூன் 26, இரவு 9.15

ட்வீட்டரில், அதாவது கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரில், இந்தத் திரவம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். இதே வெப்ப வேலைக்குத்தான். ஸ்பீக்கரை அதிரவைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் காந்தத்தின் நடுவில் காற்றில் தொங்குகிறது, சூடு வெளியேற வழி குறைவு. அந்த இடைவெளியில் காந்தத் திரவம் விட்டால் காந்தமே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றைவிட ஐந்தாறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால் சூடு காந்தத்தின் இரும்புக்கு இறங்கிவிடும். எஸ்.பி. ரோட்டில் பழைய ட்வீட்டர் ஒன்றை வாங்கித் திறந்திருக்கிறேன், உள்ளே அல்வா மாதிரி இறுகிப்போயிருந்தது. துடைத்துப் புதுசு விட்டதும் சத்தம் தெளிந்தது.

முதன்முதலில் இந்தத் திரவத்தைச் செய்தவர் நாசாவின் ஸ்டீவ் பாப்பெல், 1963இல். எடையில்லாத இடத்தில் ராக்கெட் எரிபொருளை பம்ப் வாய்க்கு எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்து, எரிபொருளிலேயே துகளைக் கலந்து காந்தத்தால் இழுக்கப் பார்த்தார். ராக்கெட்டுக்கு வரவில்லை, சீலுக்கும் ஸ்பீக்கருக்கும் வந்தது. ரோசன்ஸ்வைக் என்பவர்தான் இதைப் பெரிய துறையாக வளர்த்தார்.

நம் கல்பாக்கத்திலும் மேக்னடைட் திரவத்தை வைத்து நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. வெப்பம் போகிற திசையிலேயே புலத்தைக் கொடுத்தால் துகள்கள் சங்கிலியாகக் கோர்த்துக்கொண்டு, அந்தச் சங்கிலி வழியே வெப்பம் நன்றாகக் கடக்கும் என்று 2007இல் காட்டினார்கள். தம்பி, உங்கள் கைடு சொன்னது இதை மனதில் வைத்துத்தான் என்றால் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அது நிற்கிற திரவத்துக்கு. தட்டு சுற்றினால் படலம் கிழித்துக்கொண்டு ஓடும், அந்தச் சங்கிலி எவ்வளவு தாங்கும் என்பது உங்கள் ரிக்கில்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 26, இரவு 9.40

முக்கியமானதை விட்டுவிட்டேன். மண்ணெண்ணெயில் செய்த காந்தத் திரவத்தை வைத்திருப்பதாகவும் தட்டை 80 டிகிரிக்குச் சூடாக்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தச் சூட்டில் மேலே எழும் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், பக்கத்திலேயே பிரஷ் மோட்டார் வேறு. தண்ணீரில் செய்த திரவத்தை வாங்குங்கள், 60 டிகிரி போதும்.

ஜூலை 1, இரவு 10.30

ஜூன் 19 காலையில் "அந்தப் படலம் எரிந்து போகாமல் என்ன செய்யும்" என்று எழுதியிருந்தேன். திரும்பப் படித்தேன். அதுவும் தவறு.

31 மைக்ரோலிட்டரில் 14.5 வாட் என்பது உண்மை. ஆனால் படலம் 0.1 மி.மீ.தான், இரண்டு பக்கமும் எஃகு. பிறக்கிற சூடு 0.05 மி.மீ. நடந்தால் சுவர். இரண்டு சுவரும் ஒரே சூட்டில் இருந்தால், படலத்தின் நடுப்பகுதி சுவரைவிட 4 டிகிரிதான் கூடுதலாக இருக்கும். ஷாஃப்ட் பக்கம் வெப்பம் போகவே வழியில்லை, முழுவதும் போல் பீஸ் வழியாகத்தான் போக வேண்டும் என்று வைத்தாலும், ஷாஃப்ட் போல் பீஸைவிட 15 டிகிரி கூடுதலாக நிற்கும். அவ்வளவுதான். இது 3000 சுற்றுக்கு.

அப்படியென்றால் லேத்தில் 1500 சுற்றிலேயே 14 டிகிரி வித்தியாசம் எப்படி வந்தது? கணக்குப்படி 4 டிகிரிதான் வந்திருக்க வேண்டும். பெரியவரிடம் கேட்டேன், ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: பேரிங். கழுவியபோது பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு நான்தான் நிறையக் கிரீஸ் வைத்திருந்தேன், புதுக் கிரீஸை உருட்டி ஒதுக்குவதில் பேரிங் சூடேறி, உள் வளையம் வழியாக ஷாஃப்டுக்கு ஏறியிருக்கிறது. அளவாக வைத்து நாலு மணி நேரம் ஓடவிட்டபின் பார்த்தோம்: ஷாஃப்ட் 47, போல் பீஸ் 42.

ஆக மார்ச் சீலைக் கொன்றது படலத்தின் சூடு மட்டும் என்று சொல்ல முடியாது. ஜாக்கெட் அடைபட்டதும் போல் பீஸே ஏறியிருக்கும், அதன் மேல் ஷாஃப்ட் 15 டிகிரி, பேரிங்கிலிருந்து இன்னும் கொஞ்சம். சூடேறினால் திரவம் இளகும், இளகினால் உரசல் குறையும், அந்த அளவுக்கு அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் ஆவியாவதை அது தடுக்காது. எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகப் போகப் போகத் திரவம் கெட்டியாகி, உரசல் திரும்ப ஏறியிருக்கும். மூன்று மாதம் என்பது அதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. கிரீஸ் அதிகம் வைத்தது என் பக்கத்துத் தவறு, அதைக் கம்பெனிக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். உப்பு படிந்த ஜாக்கெட்டின் போட்டோவையும் அனுப்பினேன்.

ஜூலை 6, இரவு 8.50

தம்பி இன்றைக்குப் பட்டறைக்கு வந்திருந்தார். பச்சை லைனில் பீன்யா இண்டஸ்ட்ரி ஸ்டேஷனில் இறங்கி, ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தார். தண்ணீரில் செய்த திரவம். அவர் பாட்டி முறுக்கு வைத்து அனுப்பிய டப்பாவாம்.

60 மி.மீ. அலுமினியத் தட்டு, 300 சுற்று. பீக்கரைச் சின்ன பேரிங்கின் மேல் உட்காரவைத்து, 5 செ.மீ. நீளத்துக்கு ஒரு கை நீட்டி, அது தராசை அழுத்துகிற மாதிரி வைத்தோம். தராசு சிக்பேட்டையில் நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது, 0.01 கிராம் வரைக்கும் காட்டும். சுற்றிலும் 480 சுற்றுக் காயில், 5 ஆம்பியர். காயில் சூடாகும் என்பதால் 20 விநாடிக்கு மேல் விடவில்லை.

காயில் இல்லாமல் 1.52 கிராம். போட்டதும் 1.63. பத்துத் தடவை போட்டு எடுத்துப் பார்த்தோம், ஒவ்வொரு தடவையும் எண் அதே மாதிரி ஏறி இறங்கியது. முறுக்கு 7 சதவீதம் கூடுகிறது என்றால் பாகு 15 சதவீதம் கூடியிருக்கிறது. அதன் ஆறில் ஒரு அடுக்கு எடுத்தால் வெப்பப் பரிமாற்றம் 2 சதவீதம் குறைய வேண்டும். தட்டை 60 டிகிரிக்குச் சூடாக்கி இறக்கி, ஆறுகிற நேரத்தைக் காயிலோடும் காயில் இல்லாமலும் எடுத்தோம். ஒவ்வொரு தடவைக்கும் 5, 6 சதவீதம் முன்பின் வருகிறது. அந்த 2 சதவீதம் அதற்குள் எங்கே இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது.

பீக்கர் சின்னது என்பதையும் சொல்ல வேண்டும். சுவர் பக்கத்திலேயே இருப்பதால் திரவமும் கூடச் சுற்ற ஆரம்பித்துவிடும், கார்மன் கணக்கு அப்படியே பொருந்தாது. அந்த வர்க்கமூலமும் ஆறில் ஒன்றும் இங்கே தோராயம்தான். பெரிய தொட்டி வேண்டும், அதற்கு மூன்று லிட்டர் திரவம் வேண்டும், அந்த விலைக்கு அவர் கல்லூரி ஒத்துக்கொள்ள வேண்டும்.

"கூடும் என்று சொன்ன கைடிடம் என்ன சொல்வது அக்கா?" என்று கேட்டார். தராசு நோட்டைக் காட்டுங்கள், சங்கிலி விஷயத்துக்குத் தட்டை 10 சுற்றுக்கு இறக்கி ஒரு தடவை பார்க்கிறோம் என்று சொல்லுங்கள் என்றேன். மெதுவாகச் சுற்றும்போது கைடு சொல்வது நடக்க வாய்ப்பிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஜூலை 9, காலை 7.05

அந்தக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து சீலை எடுத்துப் போனார்கள். ஜாக்கெட்டை சிட்ரிக் அமிலத்தில் இரண்டு நாள் ஊறவைத்துச் சுத்தம் செய்திருக்கிறோம், தண்ணீர் வெளியே வருகிற வழியில் ஒரு ஃப்ளோ மீட்டரும் போட்டிருக்கிறோம். ஷாஃப்டில் கறுப்புப் பட்டையை அழிக்காமல் விட்டிருக்கிறேன், கன்னை எங்கே பிடிக்க வேண்டும் என்று அவருக்குக் காட்டினேன். மீதிப் பணம் இன்னும் வரவில்லை.

10 சுற்று சோதனை வருகிற ஞாயிறு, காலை 10 மணிக்கு. பெரியவரும் வருகிறார். இந்த வேலையில் ஆர்வம் உள்ள வேறு யாராவது பெங்களூரில் இருந்தால் வரலாம், பழைய துணியில் வாருங்கள்.